பின்னச் சுருக்கலில் செய்கை ஒழுங்கு

க.பொ.த. சாதாரண தர கணித வினாத்தாளில் பின்னக் கணக்கு எளிதானது என்று நினைத்துப் புள்ளிகளை இழப்போர் பலர். பெருக்கத் தெரியாததால் அல்ல, எதை முதலில் செய்வது என்று தெரியாததாலேயே இழக்கிறார்கள்.

ஒழுங்கு இதுதான்: முதலில் அடைப்பு, அடுத்து 'இன்', பின்னர் வகுத்தலும் பெருக்கலும், இறுதியில் கூட்டலும் கழித்தலும். வகுத்தலும் பெருக்கலும் சம உரிமையுடையவை. இடமிருந்து வலமாக எது முதலில் வருகிறதோ அதையே முதலில் செய்க. கூட்டல், கழித்தலுக்கும் அப்படியே.

24 ÷ 6 × 2 = 4 × 2 = 8 (2 அன்று)
15 − 7 + 3 = 8 + 3 = 11 (5 அன்று)

'போட்மாஸ்' என்று மனனம் செய்தவர்களே இரண்டாவது கணக்கில் அதிகம் தவறுகிறார்கள். அச்சொல்லில் கூட்டல் முன்னே நிற்பதால் 7 ஐயும் 3 ஐயும் முதலில் கூட்டிவிடுகிறார்கள்.

இனி 'இன்' ஐப் பார்ப்போம். பின்வரும் இரண்டையும் ஒப்பிடுக.

(1) 3/4 ÷ 1/2 × 3/5
= 3/4 × 2/1 × 3/5
= 3/2 × 3/5
= 9/10

(2) 3/4 ÷ 1/2 இன் 3/5
= 3/4 ÷ (1/2 × 3/5)
= 3/4 ÷ 3/10
= 3/4 × 10/3
= 5/2 = 2 1/2

'இன்' என்பதும் பெருக்கல்தானே, பிறகு ஏன் விடை மாறுகிறது? 'வீட்டின் கூரை' என்னும்போது இரண்டு சொற்களும் சேர்ந்தே ஒரு பொருளைக் குறிக்கின்றன. (நான் கலைப் பட்டதாரி, எனக்கு இப்படித்தான் விளங்கியது.) அதுபோல 'இன்' இருபுறமும் உள்ள எண்களை ஒன்றாகக் கட்டிவிடும். ஆகவே முதல் வரியிலேயே அதற்கு அடைப்பு இடுங்கள்.

வசனக் கணக்கில் அடைப்பை நீங்களே இடவேண்டும்.

ஒருவர் தமது சம்பளத்தில் 1/4 ஐ உணவுக்கும் மீதியின் 2/3 ஐ வீட்டு வாடகைக்கும் செலவிடுகிறார். வாடகை சம்பளத்தின் என்ன பின்னம்?

(1 − 1/4) இன் 2/3
= 3/4 × 2/3
= 1/2

அடைப்பை விட்டு 1 − 1/4 இன் 2/3 என எழுதினால் 1 − 1/6 = 5/6 வரும். உணவுக்கு 1/4 போன பின்னர் வாடகைக்கு 5/6 எங்கிருந்து வரும்? இவ்வாறு விடையைச் சரிபார்க்க அரை நிமிடம் போதும்.

பயிற்சி: சுருக்குக.
(அ) 18 − 12 ÷ 3 × 2
(ஆ) 5/6 ÷ 2/3 இன் 5/8
(இ) (1 − 2/5) இன் 1/3 + 1/10

விடைகள்: (அ) 10 (ஆ) 2 (இ) 3/10