கைப்பேசி காட்டும் எண் எதன் அளவு?

மாணவர்களே, கைப்பேசியில் காந்தப்புலத்தை அளக்கும் செயலியைத் திறந்து, பத்து காவான் விளையாட்டரங்கின் அருகே வெட்டவெளியில் நில்லுங்கள். ஏறக்குறைய 42 மைக்ரோடெஸ்லா என்று காட்டும். அது பூமியின் காந்தப்புலம். ஓர் இரும்பு வேலியை நெருங்கினால் எண் மாறும். காலியான அலுமினியக் குளிர்பான டின்னை அருகே வைத்தால் மாறாது. ஏன்?

மூன்று அளவுகளைப் பிரித்தறிந்தால் விடை கிடைக்கும்.

1. காந்தமாக்கும் புலம்: வெளியிலிருந்து பொருளின்மீது செயல்படுவது. அலகு ஆம்பியர்/மீட்டர்.

2. காந்தமாகும் செறிவு: அப்புலத்தில் பொருள் எவ்வளவு காந்தமாகிறது என்பது. இதற்கும் அதே அலகு.

3. காந்தத் தூண்டல்: பொருளுக்குள் இவ்விரண்டின் கூட்டுத்தொகையை வெற்றிடத்தின் உட்புகுதிறனால் (1.26 × 10⁻⁶ டெஸ்லா மீட்டர்/ஆம்பியர்) பெருக்கக் கிடைப்பது. அலகு டெஸ்லா. கைப்பேசி காட்டுவது இதைத்தான்.

வெட்டவெளியில் இரண்டாவது அளவு இல்லை எனலாம். எனவே 42 மைக்ரோடெஸ்லாவை உட்புகுதிறனால் வகுத்தால், பத்து காவானில் காந்தமாக்கும் புலம் சுமார் 33 ஆம்பியர்/மீட்டர்.

இரண்டாவது அளவை முதலாவதால் வகுத்தால் வருவது காந்த ஏற்புத்திறன். இதற்கு அலகு கிடையாது. பொருளின் குணத்தைச் சொல்வது இந்த எண்தான்.

நீர்: −0.000009. புலத்தைச் சற்றே எதிர்க்கும். டயா காந்தப் பொருள்.
அலுமினியம்: +0.000022. சற்றே ஈர்க்கப்படும், பாரா காந்தப் பொருள்.
இரும்பு: நூற்றுக்கணக்கிலிருந்து ஆயிரக்கணக்கு வரை, ஃபெர்ரோ காந்தப் பொருள்.

42-ஐ 0.000022-ஆல் பெருக்கிப் பாருங்கள். டின்னின் அலுமினியத்துக்குள்ளேயே மாற்றம் 0.001 மைக்ரோடெஸ்லாவுக்கும் குறைவு. கைப்பேசிக்கு அது தெரியாது. இரும்போ நன்றாகக் காந்தமாகித் தன் புலத்தையும் சேர்த்துவிடுகிறது. இரண்டாம் பினாங்குப் பாலத்தில் காருக்குள் திசைகாட்டியை நம்ப முடியாததும் இதனால்தான்.

இரும்பு கலந்திருந்தால் மட்டும் போதாது. எவர்சில்வர் தம்ளரில் பெரும்பகுதி இரும்பே. ஆயினும் பல தம்ளர்களில் காந்தம் ஒட்டாது. நிக்கல் சேர்ந்ததால் அணுக்கள் அடுக்கப்பட்ட விதம் மாறிவிட்டது.

பழைய நூல்களில் காஸ் என்ற அலகு வரும். 1 டெஸ்லா = 10,000 காஸ். அலகை மாற்றாமல் கணக்கிட்டால் விடை தவறும்.

பயிற்சி: மருத்துவமனை எம்.ஆர்.ஐ. கருவியின் புலம் 1.5 டெஸ்லா என்றால், அது பத்து காவானின் புலத்தைப்போல் எத்தனை மடங்கு? விடை கண்டதும், அந்த அறைக்குள் ஓர் இரும்புச் சாவியைக்கூட ஏன் விடமாட்டார்கள் என்பது விளங்கும்.