இல்லத்தில் சைவ பர்கர்

சிங்கப்பூர் ஆர்ச்சர்ட் சாலையில் 1979ஆம் ஆண்டு மெக்டொனால்ட்ஸ் உணவகம் திறக்கப்பட்டபின், பர்கர் உண்ணும் வழக்கம் மேலும் பரவிற்று. மாட்டிறைச்சி வைப்பதே அதன் மரபு. ஆயினும் சைவ இல்லத்துப் பிள்ளைகள் ஏங்க வேண்டுவதில்லை. தேக்கா சந்தையில் கிடைக்கும் கொண்டைக்கடலை கொண்டே நாம் அதனைச் செய்யலாம்.

கடலையை இரவில் ஊறவைத்து, மறுநாள் வேகவைத்து, நீரை முற்றும் வடித்து மசிப்போம். வெந்த உருளைக்கிழங்கு, ரொட்டித்தூள், இஞ்சி, பச்சைமிளகாய், உப்பு சேர்த்துப் பிசைவோம். வட்டமாகத் தட்டித் தோசைக்கல்லில் எண்ணெயிட்டு இருபுறமும் சிவக்கச் சுடுவோம். பன்னைப் பிளந்து, வெள்ளரி, தக்காளியுடன் நடுவே வைப்போம்.

கிழங்கின் மாவுச்சத்து கலவையைப் பிணைக்கின்றது; ஈரம் மிகுந்தால் உடைந்துவிடும். உடலை வளர்க்கும் புரதமோ கடலையிலேயே மிகுதி. ஆதலால், பெற்றோரே, செலவைக் கருதிக் கிழங்கைக் கூட்டிக் கடலையைக் குறைத்தல் ஆகாது. மாணவமணிகளே, பெரியோர் துணையின்றி அடுப்பருகில் செல்லாதீர்கள்.