ஒயில் குடிக்கும் காருக்கு மொன்றியலில் எதை ஊற்றுவது?

"ஒயில் குடிக்குதோ? அடுத்த முறை கொஞ்சம் தடிச்சதா ஊத்துங்கோ அண்ணை, நிண்டிடும்."

பார்க் எக்ஸ்டென்ஷனிலும் கோட்-டே-நேஜிலும் பழைய கார் வைத்திருக்கும் தமிழர்களிடையே புழங்கும் யோசனை இது. யாழ்ப்பாணத்தில் இதில் பிழை இல்லை. 1950களின் ஒஸ்ரின் ஏ-40களும் மொரிஸ் மைனர்களும் அங்கே தலைமுறை தாண்டி ஓடின. தேய்ந்த சிலிண்டருக்குத் தடித்த ஒயில் ஒரு முட்டுக்கொடுப்பாக இருந்தது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலுக்குப் பதில் மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டியவர்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் வழிந்து கீழே இருக்கும் ஒயிலை இளக்கிவிடும். அங்கே ஒயில் தடிப்பாக இருந்தால் நல்லதுதான். இரவில்கூட உறையாத ஊர்.

மொன்றியலில் ஜனவரி இரவு மைனஸ் 20 பாகைக்குக் கீழே இறங்குவது புதினமில்லை. தெருவோரத்தில் விடிய விடிய விறைத்து நின்ற காரைத்தான் காலை வேலைக்குப் போகிறவர் ஸ்டார்ட் பண்ண வேண்டியிருக்கிறது. ஒயில் போத்தலில் உள்ள முதல் எண் அந்த ஒரு நிமிடத்துக்கு உரியது. அதை ஒட்டி வரும் 'டபிள்யூ' என்ற எழுத்துக் குளிர்காலத்தைக் குறிக்கிறது. எஸ்ஏஈ அளவையின்படி 0டபிள்யூ ஒயிலை மைனஸ் 40 பாகையிலும் பம்ப் இழுக்கக்கூடியதாக இருக்கவேண்டும். 5டபிள்யூவுக்கு அந்த எல்லை மைனஸ் 35, 10டபிள்யூவுக்கு மைனஸ் 30, 20டபிள்யூவுக்கு வெறும் மைனஸ் 20. ஊர் யோசனைப்படி 20டபிள்யூ-50 ஊற்றிய கார், மைனஸ் 25 காலையில் எப்படியோ ஸ்டார்ட் ஆனாலும், ஒயில் அடியிலேயே பாகாய் நின்றுவிடலாம். பெயரிங்குகள் காய்ந்தபடி சுழலும். மாதம் அரை லீற்றர் ஒயிலை மிச்சம்பிடிக்கப் போய் எஞ்சினையே பறிகொடுத்த கதையாகிவிடும்.

எனவே மொன்றியலில் முதல் எண் பேரத்துக்கு உரியதல்ல. குளிர்காலத்துக்கு 0 அல்லது 5. தேர்வு செய்ய இடமிருப்பது இரண்டாவது எண்ணிலும், போத்தலின் முன்பக்கத்தில் அச்சிடப்படாத சில விடயங்களிலும்தான்.

அதற்கு முன்னர் ஒரு வேலை இருக்கிறது: கார் உண்மையிலேயே எவ்வளவு குடிக்கிறது என்று அளப்பது. சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் விட்டு, டிப்ஸ்டிக்கின் மேல் கோடு வரை ஒயிலை நிரப்பி, ஓடிய தூரத்தைக் குறித்துவைக்க வேண்டும். 2,000 கிலோமீற்றருக்குப் பிறகு அதே இடத்தில், அதே முறையில் மீண்டும் பார்க்க வேண்டும். 2.4 லீற்றர் எஞ்சின் ஒயில் குடிப்பதாக வந்த முறைப்பாடுகளை ரொயோட்டா முகவர்கள் சோதித்ததும் இப்படித்தான். ஒயில் மூடிக்கு முத்திரை வைத்து அனுப்பி, ஏறக்குறைய 1,900 கிலோமீற்றரில் ஒரு குவார்ட், அதாவது லீற்றருக்குச் சற்றே குறைவான அளவு, இறங்கியிருந்தால் எஞ்சின் தேறவில்லை என்று முடிவுசெய்தார்கள்.

மொன்றியல் குளிர் இந்த அளவையும் ஏமாற்றும். வீட்டிலிருந்து கடைக்கும் பள்ளிக்கும் என்று ஐந்து கிலோமீற்றர் ஓடி நிற்கும் காரில் எஞ்சின் முழுதாகச் சூடேறுவதில்லை. எரியாத பெற்றோலும் படிந்த ஈரமும் ஒயிலோடு கலந்து, எரிந்துபோன ஒயிலின் இடத்தை நிரப்பிவிடும். டிப்ஸ்டிக்கில் மட்டம் குறைந்ததாகவே தெரியாது. பிறகு ஒரு கலியாணத்துக்காக ரொறன்ரோவுக்கு 540 கிலோமீற்றர் ஓடினால், சூட்டில் பெற்றோலும் நீரும் ஆவியாகிப் போய்விடும். திரும்பி வந்து பார்த்தால் ஒரேயடியாக ஒரு லீற்றர் காணாமல் போயிருக்கும். நெடுஞ்சாலைதான் ஒயிலைக் குடித்தது என்று எண்ணிக்கொள்வார்கள். உண்மையில் அது இரண்டு மாதக் கணக்கு. இது பழைய கார்களின் நோய் மட்டுமல்ல. ஹொண்டாவின் 1.5 லீற்றர் டர்போ எஞ்சின் கொண்ட சிஆர்-வி, சிவிக் கார்களில் பெற்றோல் கலந்து ஒயில் மட்டம் ஏறுவதாகக் குளிர்நாடுகளில் முறைப்பாடு எழுந்து, கனடாவிலும் மென்பொருள் திருத்தம் செய்யவேண்டி வந்தது.

அளந்தாயிற்று, குறைவது உறுதி என்றால், எந்த வழியால் போகிறது என்பதே ஒயிலைத் தீர்மானிக்கும். மொன்றியலில் ஒழுக்கைக் கண்டுபிடிக்க வெள்ளைப் பனியே போதும். இரவு நின்ற இடத்தில் கறுப்புப் புள்ளி தெரிந்தால் எந்த ஒயிலும் மருந்தல்ல, சீலை மாற்றவேண்டும். காலை ஸ்டார்ட் செய்த கணத்தில் மட்டும் நீலப் புகை வந்து நின்றுவிட்டால் வால்வு சீல் மேல் சந்தேகம் விழும். குளிரில் எல்லாக் கார்களும் வெண்புகை விடுவதால் இதைப் பிரித்தறிவது கடினம். நீராவி சில அடியிலேயே கரைந்துவிடும், ஒயில் புகை காற்றில் தொங்கும், மணக்கும். எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் மலிவான பிசிவி வால்வை முதலில் மாற்றிப் பார்ப்பதும் நல்லது. அது அடைபட்டாலோ உறைந்தாலோ எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறி ஒயிலை வெளியே தள்ளும்.

நலமான எஞ்சினிலும் ஒயில் கொஞ்சம் குறையும். அங்கேதான் ஒயில் தேர்வுக்கு உண்மையான வலு இருக்கிறது, அதைத்தான் வாங்குகிறவர்கள் கவனிப்பதில்லை. நோவாக் சோதனை என்று ஒன்று உண்டு. ஒயிலை 250 பாகையில் ஒரு மணி நேரம் சூடாக்கி, எத்தனை சதவீதம் ஆவியாகிறது என்று பார்ப்பார்கள். வட அமெரிக்கத் தரத்தில் 15 சதவீதம் வரை போகலாம்; ஐரோப்பிய ஏசிஇஏ தரங்களில் பெரும்பாலானவை 13-க்கு மேல் விடுவதில்லை. ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு 5டபிள்யூ-30 போத்தல்களில் ஒன்று எல்லையை முட்டியும் மற்றது அதற்கு வெகு கீழேயும் இருக்கலாம். பிஸ்டன் ரிங்கைச் சுற்றியுள்ள சூட்டில் முதலில் ஆவியாகிப் போவது ஒயிலின் இலேசான பகுதிதான். 'முழு சிந்தெடிக்' என்ற எழுத்தை நம்பி மட்டும் வாங்கக்கூடாது. மொபில் தொடுத்த விளம்பரத் தகராறில் காஸ்ட்ரோல் பக்கம் 1999-இல் வந்த முடிவுக்குப் பிறகு, நன்கு சுத்திகரித்த கனிம எண்ணெயும் வட அமெரிக்காவில் அந்தப் பெயரில் விற்கப்படுகிறது. தயாரிப்பாளரின் தொழில்நுட்பத் தாளில் நோவாக் எண் பெரும்பாலும் இருக்கும். தேடச் சோம்பலாக இருந்தால், பின்புறத்தில் ஏசிஇஏ ஏ3/பி4 என்று அச்சிட்டிருப்பது குறைவாக ஆவியாகும் ஒயிலுக்கு ஓர் அடையாளம்.

இரண்டாவது எண்ணுக்கு வருவோம். சூடான எஞ்சினில் ஒயில் படலம் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதை அது சொல்கிறது. 150 பாகையில் தடிப்பை அளக்கும்போது 20 வகைக்குக் குறைந்தது 2.6 மில்லிபாஸ்கல்-செக்கன், 30-க்கு 2.9, 0டபிள்யூ-40-க்கும் 5டபிள்யூ-40-க்கும் 3.5 இருக்கவேண்டும். 0டபிள்யூ-20 கேட்கும் கார் சற்றுத் தேய்ந்து ஒயில் குறைக்கத் தொடங்கினால், முதல் படி 0டபிள்யூ-30 அல்லது 5டபிள்யூ-30. அதிவேகத்திலோ பாரத்தோடோ ஓடினால் கூடிய தடிப்புப் பொருந்தலாம் என்று ரொயோட்டாவின் கையேடுகளே இடம் விடுகின்றன. தூரம் நிறைய ஓடி, சிலிண்டர் சுவர் தேய்ந்த பழைய காருக்கு 0டபிள்யூ-40 நல்ல தேர்வு: காலையில் 0 போல இளகியிருக்கும், நெடுஞ்சாலையில் 40 போலத் தடித்திருக்கும். 10டபிள்யூ-40 அதைவிட மலிவு. ஆனால் தெருவில் நிற்கும் காருக்கு அது மே முதல் செப்டம்பர் வரைதான்.

'ஹை மைலேஜ்' ஒயில்களை விற்பனைத் தந்திரம் என்று ஒதுக்குவோர் உண்டு. அது சரியல்ல. வால்வோலின் 2000-ஆம் ஆண்டு மக்ஸ்லைஃப் என்ற பெயரில் தொடங்கிவைத்த இந்த வகையில், காய்ந்து இறுகிய ரப்பர் சீல்களை மீண்டும் சற்று ஊதி இளகவைக்கும் சேர்மானங்கள் உள்ளன. வால்வு சீல் வழியே போகும் ஒயிலுக்கு, கராஜ் செலவுக்கு முன் இதை ஒருமுறை முயன்று பார்ப்பது நியாயமான செலவு. கிழிந்த சீலை மட்டும் இது ஒட்டாது.

ரிங் இறுகிப் போன எஞ்சின் வேறு கதை. 2007 கேம்ரியிலும் அக்காலத்து ராவ்4-இலும் இருந்த அந்த 2.4 லீற்றர் எஞ்சினில், ஒயிலைச் சுரண்டி இறக்கவேண்டிய ரிங் கரி பிடித்துப் பிஸ்டனோடு ஒட்டிக்கொண்டது. ரொயோட்டா கடைசியில் பிஸ்டனையும் ரிங்கையும் புதிய வடிவமைப்பில் மாற்றித் தரவேண்டியிருந்தது. 0டபிள்யூ-20 கேட்கும் சுபாரு ஃபோரெஸ்டர் முதலிய கார்களின் ஒயில் குறைவு அமெரிக்காவில் 2014-இல் வழக்காகி, 2016 உடன்பாட்டில் உத்தரவாதம் 8 ஆண்டு அல்லது 1,00,000 மைலாக நீண்டது. ஒட்டிக்கொண்ட ரிங்கைத் தடித்த ஒயில் விடுவிக்காது. வெளிச்செல்வதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், அவ்வளவே. இங்கே தேவை கழுவும் குணமுள்ள ஒயிலும், 6,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை என்று குறுக்கிய மாற்றமும். பிஸ்டன் கரியைக் கரைக்கும் என்று சொல்லி வால்வோலின் 2024-இல் ஒரு புதிய ஒயிலை இறக்கியிருக்கிறது. சொல்வது தயாரிப்பாளர் என்பதை மனதில் வைத்து, இரண்டு மூன்று மாற்றங்களுக்கு அளந்தபடி பயன்படுத்திப் பார்க்கலாம்.

செய்யவே கூடாத ஒன்று: டிரக் ஓட்டும் நண்பரிடம் மிஞ்சிய 15டபிள்யூ-40 டீசல் ஒயிலைப் பெற்றோல் காருக்கு ஊற்றுவது. அதில் பொஸ்பரஸ் கூடுதல். எரியும் ஒவ்வொரு துளியும் புகைக்குழாயிலுள்ள கட்டலிற்றிக் கன்வேர்ட்டரைச் சிறிது சிறிதாகக் கொல்லும். அதை மாற்றும் செலவில் பல ஆண்டுக்கு நல்ல ஒயில் வாங்கிவிடலாம்.

5,000 கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் குறைந்தால் கவலைப்பட ஏதுமில்லை, நிரப்பிக்கொண்டே ஓடலாம். 1,000 கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் என்றால் ஒயில் தேர்வு தீர்வின் எல்லைக்கு வெளியே போய்விட்டது. கார் அதிகம் பழையதில்லை என்றால் கியூபெக் சட்டம் துணைக்கு வரும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 37, 38-ஆம் பிரிவுகள், வாங்கிய பொருள் நியாயமான காலம் உழைக்கவேண்டும் என்கின்றன. தயாரிப்பாளரின் உத்தரவாதம் முடிந்த பிறகும் அது பொருந்தும். 15,000 டொலர் வரையான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலே சிறுகோரிக்கை நீதிமன்றத்தில் வைக்கலாம். 1969-இல் மொன்றியலில் ஃபில் எட்மன்ஸ்டன் தொடங்கிய வாகனப் பாதுகாப்புச் சங்கம் இத்தகைய முறைப்பாடுகளில் பழுத்த அனுபவமுள்ளது. எந்த ஒயில், எத்தனை லீற்றர், எத்தனை கிலோமீற்றரில் என்று எழுதிய பற்றுச்சீட்டுகள் அப்போது கையில் இருக்கவேண்டும். கையேடு அனுமதிக்காத ஒயிலை ஊற்றியிருந்தால் எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் பிடிக்கும்.

டிசம்பர் 1-க்குள் குளிர்கால ரயர் போடவேண்டும் என்பது கியூபெக்கில் சட்டம். மார்ச் 15 வரை கழற்ற முடியாது. அதற்காக எப்படியும் கராஜுக்கு இருமுறை போகிறார்கள். நவம்பரில் போகும்போது 0டபிள்யூ அல்லது 5டபிள்யூ ஒயிலுக்கு மாற்றி, மட்டத்தையும் தூரத்தையும் குறித்துக்கொள்வது எளிது. அதே ஒயிலில் ஒரு லீற்றர் போத்தல் டிக்கியில் இருக்கட்டும். ரொறன்ரோப் பயணத்தில் கிங்ஸ்டனில் தேநீருக்கு நிற்கும்போது, குடித்து முடித்துக் கிளம்புவதற்கு முன் பொனற்றைத் திறந்து டிப்ஸ்டிக்கை ஒருமுறை இழுத்துப் பார்க்கலாம்.