ஆட்டக்காரர் ஆசிரியரானார்

ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்தில் அருவி கொட்டத் தொடங்கிவிட்டால், தென்காசியில் எங்கள் மைதானமும் சாரலில் நனைந்தே கிடக்கும். பந்து ஒரு பக்கம் போகும். கால் ஒரு பக்கம் போகும். அப்படியொரு மாலையில் எங்கள் அணியின் மூத்த அக்கா முழங்காலில் அடிபட்டு உட்கார்ந்தார். "இனி ஆட முடியாது, எனக்கு இங்கே என்ன வேலை?" என்று அவர் கேட்டது எங்கள் எல்லோரையும் வருத்தியது. ஆட்டத்தை விட்டபின் ஓர் ஆட்டக்காரருக்கு என்ன வேலை என்று தேடிப் பார்த்தோம். அப்போது நாங்கள் அறிந்துகொண்டவர்தாம் சைமன் சுந்தரராஜ்.

இவர் தமிழர். 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் ஆடிய இந்தியக் கால்பந்தாட்டக் குழுவில் இடம்பெற்றவர். அங்கே நம்மவர்கள் ஹங்கேரியிடம் 1–2 என்று தோற்றனர். பிரான்சுடன் 1–1 என்று சமன் செய்தனர். பெரு நாட்டிடம் 1–3 என்று தோற்றனர். ஒலிம்பிக் கால்பந்துக்கு இந்தியா சென்றது அதுவே கடைசி முறை.

அக்குழுவுக்குப் பயிற்சியாளர் ஐதராபாத்தைச் சேர்ந்த சையது அப்துல் ரகீம். இவர் பள்ளி ஆசிரியராக இருந்தவர். இவருடைய பயிற்சி முறைகளைப் படிக்கும்போது எங்களுக்குச் சிரிப்பும் வியப்பும் ஒருங்கே வந்தன. பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு ஓடக் கூடாது, உடனே அடுத்தவருக்குத் தர வேண்டும் என்று ஒரு போட்டி வைப்பாராம். பழகாத காலால் மட்டுமே உதைக்க வேண்டும் என்று இன்னொன்று! வலக்கால் பழக்கமுள்ளவர் இடக்காலால் உதைத்தால் பந்து எங்கே போகும் என்பதை நாங்கள் நன்கு அறிவோம். ஆனால் இரு கால்களும் பழகியவரை எதிரி எந்தப் பக்கம் மறிப்பது?

ரகீமின் குழுவில் ஆடிய சைமன் சுந்தரராஜ் பின்னர் கேரள அணிக்குப் பயிற்சியாளரானார். கேரளம் எங்களுக்குத் தொலைவில் இல்லை. செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவுக் கணவாய் ஏறினால் வந்துவிடும். செங்கோட்டையே 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர்தானே. அந்தக் கேரளம் அதுவரை சந்தோஷ் கோப்பையை ஒரு முறைகூட வென்றதில்லை. மாநில அணிகள் மோதும் அப்போட்டி 1941இலேயே தொடங்கியது என்பதை நினைத்தால் அந்த ஏக்கம் விளங்கும்.

1973 டிசம்பரில் கொச்சியில் இறுதி ஆட்டம். எதிரே ரயில்வே அணி. கேரளத்தின் தலைவர் மணி மூன்று கோல்கள் அடித்தார். 3–2 என்று கேரளம் வென்றது. ஊரெல்லாம் மணியின் பேச்சு. அது நியாயமே, மூன்று கோல் அடித்தவரைப் பேசாமல் யாரைப் பேசுவது? ஆனாலும் கோல் கணக்கில் பயிற்சியாளருக்கென்று ஒரு வரி கிடையாது. மைதானத்தின் கோட்டுக்கு வெளியே நின்ற சைமன் சுந்தரராஜ் அன்று ஒரு பந்தைக்கூட உதைக்கவில்லை.

ரோம் சென்ற குழுவின் தலைவர் பி.கே. பானர்ஜியும் இவ்வாறே பயிற்சியாளரானவர். 1970 பாங்காக் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்ற இந்திய அணியைப் பயிற்றுவித்தவர்களுள் ஒருவர். ஆயினும் எங்களை அதிகம் கவர்ந்தது வேறொரு செய்தி. 1973இல் வென்ற கேரள அணியில் ஜாபர் என்றொருவர் ஆடினார். அடுத்த சந்தோஷ் கோப்பைக்குக் கேரளம் 1992 வரை காத்திருந்தது. நம் கோயம்புத்தூரில் நடந்த அந்த ஆண்டின் இறுதி ஆட்டத்தில் கோவாவை 3–0 என்று வென்றபோது, பயிற்சியாளராக நின்றவர் அதே ஜாபர்தான். மறு ஆண்டும் அவர் பயிற்சியிலேயே கோப்பை கிடைத்தது. ரகீமின் குழுவில் ஆடியவர் சைமன். சைமனின் அணியில் ஆடியவர் ஜாபர்!

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னோம். அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த சனிக்கிழமை நொண்டிக்கொண்டே மைதானத்துக்கு வந்தார். கழுத்தில் ஒரு விசில் தொங்கியது. "எல்லோரும் இடக்காலால் மட்டும் உதையுங்கள்" என்றார். சாரல் வேறு. நாங்கள் ஆளுக்கு இரண்டு தடவையாவது சேற்றில் விழுந்திருப்போம். ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மட்டும் விழாமல் நேராக உதைத்தாள். அவள் பிறவியிலேயே இடக்கால்காரி என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.