தை மாதத்துக்குள் இளைக்க நினைக்கும் மகளுக்கு

அன்புள்ள தேன்மொழிக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். போனில் பேசினால் நீ "சரி பெரியம்மா" என்று சொல்லிச் சொல்லியே வைத்துவிடுகிறாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

மூன்று வாரத்தில் நாலு கிலோ இறங்கிவிட்டதாக உன் அம்மா சொன்னாள். காலையில் தேனும் எலுமிச்சையும் விட்ட வெந்நீர், மதியம் வெள்ளரிக்காயும் கேரட்டும், ராத்திரிக்கு ஓர் ஆப்பிள், செவ்வாய்க்கிழமை வெறும் தண்ணீர். தை முகூர்த்தத்துக்குள் 61 கிலோவை 50 ஆக்கிவிட வேண்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறாயாம். அந்தக் கணக்கை இன்றைக்கே விட்டுவிடு என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். காரணத்தைச் சொல்லாமல் விடச் சொல்லமாட்டேன்.

கிராம சுகாதார செவிலியராக நான் வேலை பார்த்த காலம் முழுக்க எடைத் தராசு என் பையைவிட்டு இறங்கியதில்லை. அங்கன்வாடி உத்திரத்தில் தராசை மாட்டி, துணித்தொட்டிலில் பிள்ளையைப் போட்டு, முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்போம். மாதாமாதம் கர்ப்பிணிகளை நிறுத்து அட்டையில் எழுதுவோம். எடை ஏறவில்லை என்றால் அந்த வீட்டு அடுப்படி வரைக்கும் போய், இவள் என்ன சாப்பிடுகிறாள், எப்போது சாப்பிடுகிறாள், யார் சாப்பிட்ட பிறகு சாப்பிடுகிறாள் என்று விசாரிப்போம். யாருக்குச் சோறு போதவில்லை என்று கண்டுபிடிக்கத்தான் அரசாங்கம் எங்களுக்குத் தராசைக் கொடுத்தது. அதே தராசில் தினமும் காலையில் ஏறி நின்று, முள் இறங்கியதா என்று பார்த்து, இறங்கவில்லை என்றால் என் தங்கச்சி மகள் மதியச் சாப்பாட்டையும் விட்டுவிடுகிறாள் என்று கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது.

அந்த நாலு கிலோவை முதலில் பார்ப்போம். அது முழுவதும் கொழுப்பாக இருக்காது. ஈரலிலும் தசையிலும் உடம்பு கொஞ்சம் மாவுச்சத்தைச் சேமித்து வைத்திருக்கும். அதில் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். நீ சாப்பாட்டை நிறுத்தியதும் முதலில் செலவாவது அந்தச் சேமிப்புதான், அதோடு தண்ணீரும் போகிறது. தராசு அதையும் சேர்த்துத்தான் காட்டுகிறது. அதற்குப் பிறகு பருப்போ முட்டையோ இல்லாமல் நாளை ஓட்டினால் கொழுப்போடு தசையும் கரையும். தசை குறைந்த உடம்பு முன்பைவிடக் குறைவாகத்தான் எரிக்கும். கல்யாணம் முடிந்து ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்ததும் போன எடை விறுவிறுவென்று திரும்பி வரும். அமெரிக்காவில் போட்டி வைத்து எடை குறைக்கும் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருஷம் கழித்துச் சோதித்து, 2016இல் முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலோருக்குப் போன எடையில் நிறையவே திரும்பியிருந்தது. ஆனால் அவர்கள் உடம்பு சும்மா இருக்கும்போது எரிக்கும் அளவு, இருக்க வேண்டியதைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே நின்றுவிட்டது.

தோழி வாங்கிக் கொடுத்தாள் என்று ஒரு 'ஸ்லிம் டீ' குடிக்கிறாயாமே, அதன் அட்டையைத் திருப்பிப் பார். இந்த மாதிரி டீத்தூள்களில் நிலாவாரை இலை இருப்பது வழக்கம். நம் திருநெல்வேலிப் பக்கம் விளைவது, மலச்சிக்கலுக்குக் கொடுக்கிற பேதி மருந்து. குடலைக் கழுவித் தண்ணீரை வெளியேற்றுமே தவிர, ஒரு சொட்டுக் கொழுப்பைக்கூடத் தொடாது. அதைத் தூக்கிப் போட்டுவிடு.

இன்னொன்றும் உன் அம்மா சொன்னாள். ராத்திரி ஒரு மணி வரைக்கும் பிரியாணி செய்யும் வீடியோ, பரோட்டா கடை வீடியோ என்று பார்த்துக்கொண்டே இருக்கிறாயாம். கேட்டால் எரிந்து விழுகிறாயாம். கை கால் சில்லிட்டுக் கிடக்கிறதாம். உன் மனசு பலவீனம் என்று நினைத்துக் குறுகிப்போகாதே. 1944, 45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் 36 ஆரோக்கியமான இளைஞர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார். போர் முடிந்ததும் பட்டினியில் கிடக்கும் மக்களை எப்படித் தேற்றுவது என்று தெரிந்துகொள்வதற்காக. அவர்களாகவே முன்வந்தவர்கள். ஆறு மாதம் நாளுக்குச் சுமார் 1,570 கலோரி கொடுத்தார்கள். எடையில் கால்பங்கு போனது. அவர்கள் உடம்பு குளிரில் நடுங்கியது, முடி கொட்டியது, சிரிப்பு போனது, சின்ன விஷயத்துக்கெல்லாம் கோபம் வந்தது. சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போனது. சமையல் புத்தகங்களை வாங்கிச் சேர்த்து, படுக்கையில் படுத்துக்கொண்டு படித்தார்கள். தட்டை நக்கினார்கள். நீ இப்போது சாப்பிடுவதைக் கூட்டிப் பார்த்தேன், அவர்களுக்குக் கொடுத்ததில் பாதிகூட வராது. அவர்கள் புத்தகத்தில் தேடியதை நீ போனில் தேடுகிறாய். பசித்த மூளை அதைத்தான் செய்யும்.

நீ உடம்பைக் கவனிக்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. "கல்யாணப் பொண்ணு நல்லா சாப்பிடட்டும், பூசினாப்ல இருந்தாத்தான் அழகு" என்று உன் அப்பத்தா சொல்வதையும் நான் அப்படியே ஏற்கமாட்டேன். உன் உயரம் 158 சென்டிமீட்டர், இதை ஆரம்பித்தபோது எடை 61. பி.எம்.ஐ. 24.4 வருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் பொது அளவுப்படி 25க்குக் கீழே இருப்பதால் நீ சரியான எடை. 2009இல் இந்திய மருத்துவர்கள் கூடி வகுத்த அளவுப்படி 23க்கு மேல் போனாலே கூடுதல் எடை. ஒரே உடம்பு, ஒரு பட்டியலில் தேறுகிறது, இன்னொன்றில் தவறுகிறது. இந்த வகுத்தல் கணக்கை 19ஆம் நூற்றாண்டில் உருவாக்கிய பெல்ஜியக் கணித அறிஞர் குவெட்லே, மக்கள்தொகையின் சராசரியைப் படிக்கத்தான் அதைச் செய்தார். தேன்மொழி என்கிற தனி ஒருத்தியின் ரத்தமும் தசையும் எப்படி இருக்கின்றன என்று அதற்குத் தெரியாது.

இந்தியருக்கு ஏன் தனி அளவு என்பதையும் தெரிந்துகொள். புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் 2004இல் தங்கள் இருவரின் படத்தையும் சேர்த்து மருத்துவ இதழில் போட்டார்கள். இரண்டு பேருக்குமே பி.எம்.ஐ. 22.3. உடம்பில் கொழுப்பு மட்டும் லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2 சதவீதம். பார்த்தால் ஒல்லி, வயிற்றுக்குள் கொழுப்பு. நம் ஊரில் ஒல்லியானவர்களுக்கும் நாற்பது வயதில் சர்க்கரை வருவதற்கு இது ஒரு காரணம். ஆகையால் தராசை அலமாரியில் வைத்துவிட்டு, தையல் டேப்பை எடுத்து இடுப்பைச் சுற்றி அளந்து பார். பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். அதைவிட முக்கியம், ரத்தப் பரிசோதனை.

ரத்தம் என்றதும் வேலைக் காலம் நினைவுக்கு வருகிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் கூடுதல் எடை. அதே கணக்கெடுப்பில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இவர்கள் வேறு, அவர்கள் வேறு என்று நினைக்காதே. எழுபது கிலோ எடையும் எட்டு கிராம் ஹீமோகுளோபினுமாக எத்தனையோ பெண்கள் என் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். அது எப்படி என்று தெரிய வேண்டுமானால் நம் வீடுகளில் ராத்திரி பத்து மணிக்கு அடுப்படியைப் பார்க்க வேண்டும். ஆம்பளைகளுக்கும் பிள்ளைகளுக்கும் பரிமாறி முடித்த பிறகுதான் அவள் உட்காருவாள். அதற்குள் மீன் துண்டு தீர்ந்திருக்கும், பொரியல் தீர்ந்திருக்கும், முட்டை அவள் பங்குக்கு வந்திருக்காது. சோறு மட்டும் மிஞ்சியிருக்கும். வீணாக்கக் கூடாது என்று ரசத்தை ஊற்றி அவ்வளவையும் சாப்பிட்டுவிட்டு, பாத்திரம் தேய்த்துப் படுத்துவிடுவாள். வயிறு நிறைந்தது, எடையும் ஏறியது. இரும்புச்சத்தும் புரதமும் வேறு தட்டுக்குப் போய்விட்டன. அவளைப் பார்த்து "குண்டாயிட்டே, சாப்பாட்டைக் குறை" என்று சொல்கிறவர்கள்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். அவள் குறைக்க வேண்டியது ஒரு கரண்டிச் சோறு. அவளுக்குக் கூட்ட வேண்டியது எவ்வளவோ.

உனக்கு இதைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. நீ போகிற வீட்டிலும் முதல் நாளிலிருந்தே எல்லோரோடும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடு. புதுப்பெண் பரிமாறட்டும் என்று யாராவது சொன்னால், சிரித்துக்கொண்டே எல்லாப் பாத்திரத்தையும் நடுவில் வைத்துவிட்டு உனக்கும் ஒரு தட்டுப் போடு. மாப்பிள்ளையிடம் இதை இப்போதே பேசி வை.

அப்பத்தாமேல் வருத்தப்படாதே. அவர் வளர்ந்த வீட்டில் தாது வருஷப் பஞ்சத்தின் கதையைச் சொல்லித்தான் பிள்ளைகளைச் சாப்பிட வைத்தார்கள். 1876 முதல் 78 வரை நீடித்த பஞ்சம் அது. நிவாரண வேலை செய்கிற ஆளுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று பிரிட்டிஷ் அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்தார். அரைக் கிலோகூட இல்லை. அது உயிர் பிழைக்கப் போதாது என்று சென்னை மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷ் எழுதி எழுதிப் போராடினார். அந்தப் பஞ்சம் தின்ற ஊர்களில் சதைப்பிடிப்பு என்றால் உயிரோடிருப்பதற்கான உறுதி. வந்தவரைப் பார்த்ததும் "இளைச்சுட்டியே" என்று பதறுவதும், வேண்டாம் என்றாலும் இன்னொரு கரண்டி வைப்பதும் அங்கிருந்து வந்த பழக்கமாகத்தான் இருக்க வேண்டும். அதில் அன்பு இருக்கிறது. ஆனால் தெருமுனை வரைக்கும் பைக்கில் போகிற இந்தக் காலத்துக்கு அந்த இரண்டாவது கரண்டி தேவையில்லை. "போதும் அப்பத்தா, ரசம் மட்டும் ஊத்துங்க" என்று சொல். கோபித்துக்கொள்ளமாட்டார்.

எனக்குப் பொறுக்காதது, ரவிக்கை அளவு எடுக்க வந்த அன்று மாப்பிள்ளை வீட்டு அத்தை, "மேடையில பொண்ணு பெருசாத் தெரிவாளே" என்று எல்லார் முன்னாலும் சொன்னது. அன்றைக்குத்தான் நீ இதை ஆரம்பித்தாய் என்று எனக்குத் தெரியும். ஒரு பெண்ணின் உடம்பைப் பற்றிச் சபையில் பேச யாருக்கும் உரிமை கிடையாது, கட்டிக்கொடுக்கிற வீட்டுக்கும் கிடையாது. நீ எம்.பி.ஏ. படித்துச் சம்பாதிப்பதை விட்டுவிட்டு உன் கையின் பருமனைப் பேசினார்கள் என்றால் அது அவர்கள் பார்வைக் கோளாறு. அதற்காக உன் ரத்தத்தைச் செலவழிக்காதே.

இனி என்ன சாப்பிடுவது என்று கேட்பாய். மூன்று வேளையும் சாப்பிடு. காலையில் இட்லியோ கேப்பைக் களியோ கம்பங்கூழோ, அதோடு ஒரு முட்டை அல்லது ஒரு கிண்ணம் சுண்டல் கட்டாயம். மதியம் தட்டில் முதலில் காய், கீரை, பருப்பு அல்லது மீனை வை, மிச்ச இடத்தில் சோறு. சோற்றைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை, இப்போது போடுவதில் ஒரு கரண்டி குறைந்தால் போதும். நம் தட்டின் சிக்கல் சோறு இருப்பது அல்ல, சோறு மட்டுமே இருப்பது. 2024இல் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியிலும் தானியத்திலிருந்து 45 சதவீதத்துக்கு மேல் சக்தி வர வேண்டாம், காய்கறி மட்டும் நாளுக்கு 400 கிராம் இருக்கட்டும் என்றுதான் சொல்கிறார்கள். நெத்திலி மலிவாகக் கிடைத்தால் முள்ளோடு சாப்பிடு, சுண்ணாம்புச்சத்து. முருங்கைக்கீரைக்கு எலுமிச்சை பிழிந்துகொள், இரும்பு நன்றாகச் சேரும். சாப்பாட்டோடு டீ குடிக்காதே, அது இரும்பைச் சேரவிடாது. சிறுதானியம் என்று பெயர் வைத்து நெய் மிதக்கப் பொங்கல் விற்கிறார்கள், அதில் ஏமாறாதே. ஆபீஸில் நாலு மணிக்கு பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு கைப்பிடி வேர்க்கடலை. உடற்பயிற்சி என்றால் தினம் முக்கால் மணி நேரம் வேகமாக நட, வாரத்தில் இரண்டு நாளாவது எடை தூக்கு. தசை உள்ள பெண்ணுக்குச் சர்க்கரை எளிதில் வராது.

அதே வழிகாட்டி, எடை குறைப்பது வாரத்துக்கு அரைக் கிலோவைத் தாண்ட வேண்டாம், எந்தப் பத்தியமும் 1,000 கலோரிக்குக் கீழே போக வேண்டாம் என்கிறது. தைக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. நிதானமாகப் போனால் நாலைந்து கிலோ குறையலாம், குறையாமலும் போகலாம். இரண்டுமே எனக்குச் சம்மதம். உனக்கும் சம்மதமாக வேண்டும்.

ஒன்றை மட்டும் என்னிடம் மறைக்காதே. மாதவிலக்கு தள்ளிப்போயிருக்கிறதா? எழுந்தால் தலை சுற்றுகிறதா? வேகமாக இளைத்தால் பித்தப்பையில் கல் வரலாம் என்பதால், வலதுபக்க விலாவுக்குக் கீழே வலித்தாலும் சொல். எப்போதாவது நிறையச் சாப்பிட்டுவிட்டு, பயந்துபோய் விரலை விட்டு வாந்தி எடுத்திருந்தால் அதையும் சொல். திட்டமாட்டேன். அது நோய், மருந்தும் ஆலோசனையும் உண்டு. என்னிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் 14416க்குப் போன் செய், டெலி மானஸ் எண், தமிழிலேயே பேசுவார்கள்.

இந்தச் சனிக்கிழமை காலையில் வெறும் வயிற்றில் போய் ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு மூன்றும் பார்த்துவிடு. ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டி இரும்பு மாத்திரை கேள், நீயாகக் கடையில் வாங்காதே. ரத்தம் கொடுத்த கையோடு பக்கத்தில் எங்காவது நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு எனக்குப் போன் போடு. தையல்காரம்மாவிடம் நான் பேசிவிட்டேன், கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் மறுபடி அளவு எடுத்துக்கொள்கிறேன் என்றார். அந்த அத்தையிடம் பேசவேண்டியதை உன் அம்மா பேசமாட்டாள். வருகிற வாரம் நானே அங்கே போய்ப் பேசிவிட்டு வருகிறேன்.

அன்புடன்,
உன் பெரியம்மா