பழைய கணினியும் புதிய நுண்செயலியும்

தீபாவளி நெருங்கும் வாரங்களில் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் கால் வைக்கவும் இடம் இருக்காது. புடவைக் கடைகளிலும் பூக்கடைகளிலும் தையற்கடைகளிலும் கூட்டம் நெரியும். அங்குள்ள துணிக்கடை ஒன்றின் கல்லாவருகே மேசைக் கணினி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். இரசீது அச்சிடுவது, கையிருப்பைக் கணக்கிடுவது, வாடிக்கையாளரின் பாக்கியைக் குறித்து வைப்பது எல்லாம் அதன் வேலை. வாங்கி எட்டு ஆண்டுகள் ஆகியிருக்கும். ஓடுகின்ற வரையில் அதை யாரும் கண்டுகொள்வதில்லை.

2025ஆம் ஆண்டில் இத்தகைய கணினிகளுக்கு ஒரு சிக்கல் வந்து சேர்ந்தது. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு வழங்கிவந்த ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அவ்வாண்டு அக்டோபர் 14ஆம் நாள் முடித்துக்கொண்டது. மலேசியாவில் அவ்வாண்டுத் தீபாவளி அக்டோபர் 20. கடைக்காரர்கள் தலை நிமிர நேரமில்லாத வாரம் அது! ஆதரவு முடிந்த மறுநாளே கணினி நின்றுவிடாது. ஆனால், புதிதாகக் கண்டறியப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் வழக்கமான இற்றைப்படுத்தல்கள் வாரா. பதிவு செய்துகொள்பவர்களுக்குக் கூடுதல் தவணை அப்போது அறிவிக்கப்பட்டது. சரி, விண்டோஸ் 11க்கு மாறிவிடலாம் என்றால், அது பழைய நுண்செயலிகளை ஏற்பதில்லை. பொதுவாக, இன்டெல் கோர் வகையில் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ இருக்க வேண்டும். ஏஎம்டி ரைசன் என்றால் 2000 வரிசை முதல் தொடங்குகிறது.

அப்படியானால், முழுக் கணினியையும் தூக்கி எறிய வேண்டுமா? நுண்செயலியை மட்டும் மாற்றினால் போதாதா?

நுண்செயலி என்பது கணினியின் கட்டளைகளை நிறைவேற்றும் சில்லு. தீப்பெட்டியைவிடச் சற்று அகலமான இச்சில்லு, தாய்ப்பலகையில் உள்ள பொருத்துவாய் ஒன்றில் அமர்ந்திருக்கும். மாற்ற முடியுமா என்பதைப் பெரும்பாலும் அந்தப் பொருத்துவாயும் தாய்ப்பலகையுமே முடிவு செய்கின்றன, பணம் அல்ல.

இன்டெல் ஆறாம், ஏழாம் தலைமுறை மேசைக் கணினிகளில் 1151 தொடுமுனைகள் கொண்ட பொருத்துவாய் இருந்தது. 2017இல் வந்த எட்டாம் தலைமுறைக்கும் அதே 1151தான். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆயினும், சில தொடுமுனைகளின் பணி மாற்றப்பட்டிருந்ததால் பழைய தாய்ப்பலகையில் புதிய செயலி இயங்காது. இது தெரியாமல் செயலியை மட்டும் வாங்கி வருபவர் ஏமாந்து போவார். இங்கே தாய்ப்பலகையையும் சேர்த்தே மாற்ற வேண்டும். செலவைப் பார்த்தால் அது பாதிப் புதுக் கணினி.

ஏஎம்டியின் கதை வேறு. 2017இல் முதல் ரைசன் செயலிகளுக்கு வந்த ஏஎம்4 என்னும் பொருத்துவாயே 2020இல் வெளிவந்த ரைசன் 5000 வரிசைக்கும் பயன்பட்டது. ஆகவே, 2017இல் வாங்கிய கணினி பலவற்றில் செயலியை மட்டும் மாற்றி விண்டோஸ் 11க்குப் போய்விடலாம். அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. தாய்ப்பலகையைத் தயாரித்த நிறுவனம் தன் இணையத்தளத்தில் வெளியிட்டுள்ள பட்டியலில் அந்தச் செயலியின் பெயர் இருக்க வேண்டும். பெரும்பாலும் பயாஸ் என்னும் அடிப்படை மென்பொருளையும் இற்றைப்படுத்த வேண்டும். அதுவும் பழைய செயலி இருக்கும்போதே. புதியதைப் பொருத்திவிட்டுப் பார்த்தால் கணினி அதை அடையாளம் காணாமல் திரை இருண்டே கிடக்கலாம். இற்றைப்படுத்தும் வேளையில் மின்சாரம் தடைபட்டால் தாய்ப்பலகையே பாழாகிவிடக்கூடும். கணினியில் தனி வரைகலை அட்டை இல்லையென்றால், ரைசன் 5000 வரிசையில் பெயரில் 'ஜி' எழுத்துள்ள செயலியைத்தான் வாங்க வேண்டும். மற்றவற்றுக்குத் திரையில் படம் காட்டும் ஆற்றல் கிடையாது.

கணினி மெதுவாக ஓடுகிறது என்பது மட்டுமே குறையானால், இவ்வளவு பாடு தேவையில்லை. பழைய வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி பொருத்தினாலே பெரிய மாற்றம் தெரியும்.

உரிய செயலியின் பெயரைக் குறித்துக்கொண்டவர் மஸ்ஜித் ஜாமெக் நிலையத்தில் எல்ஆர்டி ஏறி ஹங் துவாவில் இறங்கி, மோனோரெயிலில் அடுத்த நிலையமான இம்பிக்குச் சென்றால், லோ யாட் பிளாசாவுக்கு நடந்தே போகலாம். மாடிக்கு மாடி கணினிக் கடைகள். அங்குக் கொடுத்தே மாற்றிக்கொள்ளலாம். தாமே செய்ய விரும்புபவருக்கு நிதானம் வேண்டும்.

முதலில் கடைக் கணக்குகளை வேறோர் இடத்தில் படியெடுத்து வைக்க வேண்டும். வன்தட்டு பிட்லாக்கர் மூலம் பூட்டப்பட்டிருந்தால் அதன் மீட்புக் குறியீட்டையும் எழுதி வைப்பது கட்டாயம். பூட்டின் இரகசியக் குறியீடு செயலியோடு பிணைந்திருக்கக்கூடும். செயலி மாறினால் கணினி மீட்புக் குறியீட்டைக் கேட்கும். பின்னர், கணினியைச் சில நிமிடம் ஓடவிட்டு அணைத்து, மின்கம்பியைக் கழற்ற வேண்டும். ஓடவிடுவதற்குக் காரணம் உண்டு. செயலிக்கும் குளிர்விப்பானுக்கும் நடுவே உள்ள வெப்பப் பசை பல ஆண்டுகளில் இறுகிப்போயிருக்கும், சூடேறினால் இளகும். ஏஎம்4 வகையில் 1331 மெல்லிய ஊசிகள் செயலியின் அடியிலேயே உள்ளன. குளிர்விப்பானை வெடுக்கென்று இழுத்தால் செயலியும் அதோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்து வரும், ஊசிகள் வளையும். இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுப்பதே பாதுகாப்பு.

பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலின் நிலைமின்னை வெளியேற்றிய பின்பே சில்லைத் தொட வேண்டும். பொருத்துவாயின் பக்கத்திலுள்ள சிறு நெம்புகோலை உயர்த்தினால் பழைய செயலி தளர்ந்துவிடும். புதிய செயலியின் ஒரு மூலையில் முக்கோணக் குறி இருக்கும். அதைப் பொருத்துவாயில் உள்ள குறியோடு சேர்த்து வைத்தால் தானாகவே இறங்கி அமரும். அமராவிட்டால் அழுத்தக்கூடாது, திசை தவறு என்று பொருள். நெம்புகோலைத் தாழ்த்தி, குளிர்விப்பானில் ஒட்டியிருக்கும் பழைய பசையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, செயலியின் நடுவில் பட்டாணியளவு புதுப் பசை வைத்து, குளிர்விப்பானை முடுக்க வேண்டும். விசிறியின் கம்பியை மாட்ட மறப்பவர் பலர். விசிறி சுற்றாவிட்டால் செயலி சூடேறித் தானாகவே அணைந்துவிடும்.

கணினியை மீண்டும் இயக்கியதும் பயாஸ் திரையில் புதிய செயலியின் பெயரையும் வெப்பநிலையையும் பார்த்துக்கொள்ளலாம். வெப்பம் நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் குளிர்விப்பான் சரியாகப் பதியவில்லை.

கழற்றிய செயலியைக் குப்பையில் போட வேண்டாம். புதியது வந்த பிளாஸ்டிக் உறையிலேயே வைத்தால் ஊசிகள் வளையா, பழைய பொருள் வாங்கும் கடையில் விலைக்கும் போகும். இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை 1972இல் பினாங்கில்தான் தொடங்கியது; ஏஎம்டியும் 1970களிலேயே அங்கு வந்துவிட்டது. இன்டெல் செயலிகள் பலவற்றின் உலோக மூடியில், பசையைத் துடைத்துவிட்டுப் பார்த்தால், 'மலாய்' என்னும் சொல் ஆங்கில எழுத்துகளில் பொறிக்கப்பட்டிருக்கும்.