பெருங்காயத்திலும் கோதுமை: சீலியாக் நோய்க்கு நம்பகமான தகவலை எங்கே தேடுவது?

"இனிமேல் கோதுமை பக்கமே போகக் கூடாது" என்று டாக்டர் சொல்லி அனுப்பியதும் நம்மில் பலர் செய்வது ஒன்றுதான். ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று போனை எடுத்துத் தேட ஆரம்பிக்கிறோம். பத்து நிமிஷத்தில் ஏகப்பட்ட வீடியோக்கள் வந்து விழும். ஒருவர் கோதுமையே விஷம் என்பார். இன்னொருவர் சம்பா கோதுமை என்றால் பயமில்லை என்பார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா ஒரு கஷாயம் அனுப்பியிருப்பார். இதில் எதை நம்புவது?

முதலில் நோயைப் பற்றி ஒரு வார்த்தை. சீலியாக் என்பது சாதாரண அஜீரணம் இல்லை, அலர்ஜியும் இல்லை. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடலின் எதிர்ப்பு சக்தியே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்குகிறது. அதனால் இரும்பு, கால்சியம் போன்ற சத்துகள் சரியாக உடலில் சேராது. சிலருக்கு வயிற்றுப்போக்கே இருக்காது. மாத்திரை எவ்வளவு சாப்பிட்டாலும் தீராத ரத்தசோகை மட்டும் இருக்கும். குழந்தையாக இருந்தால் வளர்ச்சி நின்றுவிடும். இதற்குச் சிகிச்சை, வாழ்நாள் முழுக்கக் குளூட்டன் இல்லாத சாப்பாடுதான். சாப்பாடே மருந்து என்பதால், அதைப் பற்றிக் கிடைக்கும் தவறான தகவல் தவறான மருந்துக்குச் சமம்.

"கொஞ்சூண்டு சாப்பிட்டா என்ன ஆகிடப் போகுது?" என்று வீட்டில் கேட்பார்கள். பதில் இருக்கிறது. தினமும் 50 மில்லிகிராம் குளூட்டனை மூன்று மாதம் சாப்பிட்டாலே குடல் சுவர் பாதிக்கப்படலாம் என்று 2007-ல் வெளிவந்த ஓர் இத்தாலிய ஆய்வு காட்டியது. ஒரு சப்பாத்தியில் ஏறக்குறைய 2 கிராம் குளூட்டன் இருக்கும். அதை நாற்பது துண்டாகக் கிள்ளினால் ஒரு துண்டு போதும், அந்த 50 மில்லிகிராம் வந்துவிடும்.

டெஸ்ட்டுக்கு முன்னால் கோதுமையை நிறுத்தாதீர்கள்

வீடியோ பார்த்துவிட்டுப் பலர் செய்கிற காரியம், தாங்களாகவே கோதுமையை நிறுத்திவிட்டுப் பிறகு டாக்டரிடம் போவது. இதுதான் பெரிய சிக்கல். சீலியாக் நோய்க்கான முதல் பரிசோதனை டிடிஜி ஐஜிஏ என்ற ரத்தப் பரிசோதனை. தேவைப்பட்டால் எண்டோஸ்கோபி செய்து சிறுகுடலில் இருந்து துளி சதை எடுத்துப் பார்ப்பார்கள். கோதுமையைப் பல வாரங்களுக்கு முன்பே நிறுத்தியிருந்தால் இரண்டிலும் நோய் இல்லை என்று வந்துவிடக்கூடும். பிறகு ஆயுளுக்கும் சந்தேகம்தான். ஆகவே முதலில் டெஸ்ட், அப்புறம் பத்தியம். இந்த வரிசையைச் சொல்லாமல் "இன்றைக்கே நிறுத்துங்கள்" என்று ஆரம்பிக்கிற வீடியோவை அங்கேயே மூடிவிடலாம். முடியைக் கொடுத்தால் எல்லா ஒவ்வாமையையும் சொல்லிவிடுகிறோம் என்கிற பேக்கேஜ் விளம்பரங்களும் அப்படியே. சீலியாக் நோயைக் கண்டுபிடிக்க அவை உதவாது.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் உள்ள இரைப்பை குடல் சிகிச்சைப் பிரிவில் இதைப் பற்றிக் கேட்கலாம். எங்கே போவது என்று புரியவில்லை என்றால் 104 சுகாதார உதவி எண்ணில் இருந்து தொடங்குங்கள்.

வெளிநாட்டுப் பட்டியலுக்கு நம் சமையலறை தெரியாது

பிரிட்டன், அமெரிக்க அரசுகளின் சுகாதார இணையதளங்களில் சீலியாக் பற்றி நல்ல தகவல்கள் இருக்கின்றன. நோய், பரிசோதனை பற்றியெல்லாம் தாராளமாக நம்பலாம். ஆனால் ரொட்டி, பாஸ்தா, பீர் என்று போகும் அந்தப் பட்டியல்களில் நம்ம வீட்டு அஞ்சறைப் பெட்டி இருக்காது.

நம்ம ஊரிலோ, "நாமதான் அரிசி சாப்பிடுறவங்களாச்சே" என்ற தைரியம். இட்லி, தோசை, பொங்கல், இடியாப்பம் என்று அரிசிச் சாப்பாடு கைகொடுப்பது உண்மைதான். சிக்கல் பெருங்காயத்தில் இருக்கிறது. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் பிசினோடு கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். டப்பாவின் பின்புறம் பொடி எழுத்தில் அதுவே அச்சிட்டிருக்கும். அந்தப் பெருங்காயம் சாம்பாரில், ரசத்தில், ஊறுகாயில், இட்லிப் பொடியில், அப்பளத்தில், கோயில் புளியோதரையில் எல்லாம் போகிறது. கோதுமை தொடாமல் பத்தியம் இருந்தும் உடம்பு தேறவில்லை என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய டப்பா இதுதான். அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் கிடைக்கிறது. கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது மாவு மில். கேழ்வரகு, கம்பு, தினை எதிலும் குளூட்டன் கிடையாது. ஆனால் உங்களுக்கு முன்னால் ஒருவர் கோதுமை அரைத்துவிட்டுப் போயிருந்தால், மிஷினில் ஒட்டியிருக்கும் மாவு உங்கள் தூக்குவாளிக்குள் வரும். ஒரு பிடி அரிசி போட்டு ஓட்டிவிட்டால் சுத்தமாகிவிடும் என்பது நம்பிக்கைதான். முடிந்தவரை வீட்டு மிக்ஸியில் அரைப்பது நல்லது. ஓட்டலிலும் இதே கதைதான். ரவா தோசை சுட்ட கல்லில்தான் உங்கள் சாதா தோசையும் வரும்.

ரவை, சேமியா, மைதா, சம்பா ரவை, ஆட்டா எல்லாமே கோதுமைதான். நாட்டுக் கோதுமை, சம்பா கோதுமை, முளைகட்டிய கோதுமை எதிலும் குளூட்டன் இல்லாமல் இல்லை. இதில் விதிவிலக்கு சொல்லும் எந்த வீடியோவையும், எத்தனை லட்சம் பேர் பார்த்திருந்தாலும், நம்பாதீர்கள். ஓட்ஸ் தனி விஷயம். பதப்படுத்தும் இடத்தில் கோதுமை கலந்துவிடுவதால் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

லேபிளைப் படிப்பது எப்படி?

எழுத்து பொடியாக இருந்தால் போன் கேமராவில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். ஆங்கிலம் சிரமம் என்றால் மொழிபெயர்க்கும் ஆப் உதவும். 'வீட்', 'ஆட்டா', 'மைதா', 'செமோலினா', 'பார்லி', 'மால்ட்' என்ற சொற்களைத் தேடுங்கள். மால்ட்டைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பாலில் கலக்கும் மால்ட் சத்து பானங்கள் பெரும்பாலும் பார்லியில் இருந்து வருபவை. சோயா சாஸிலும் பெரும்பாலும் கோதுமை உண்டு. 'கோதுமை இல்லை' என்று எழுதியிருந்தால் போதாது, பார்லி இருக்கலாம். பொருட்களின் பட்டியலுக்குக் கீழே ஒவ்வாமை எச்சரிக்கை தனியாக இருக்கும். அதையும் பாருங்கள்.

'குளூட்டன் ஃப்ரீ' என்று போட வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்குக் குறைவாகவே குளூட்டன் இருக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. 'லோ குளூட்டன்' என்பது வேறு. அதில் 100 மில்லிகிராம் வரை இருக்கலாம். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

பாக்கெட்டில் உள்ள 14 இலக்க உரிம எண்ணை ஆணையத்தின் 'ஃபுட் சேஃப்டி கனெக்ட்' ஆப்பில் போட்டால் நிறுவனம் உண்மையானதா என்று தெரியும். உரிமம் இருப்பதாலேயே குளூட்டன் இல்லை என்று அர்த்தம் இல்லை, தயாரித்தவர் யார் என்று மட்டும்தான் தெரியும். லேபிளில் சொன்னதற்கு மாறாக இருந்தால் புகார் கொடுக்கவும் அதே ஆப்பில் வழி உண்டு. பாக்கெட்டைத் தூக்கிப் போடாமல், பேட்ச் எண் தெரிகிற மாதிரி படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போன மாதம் சரியாக இருந்த பிராண்டு இந்த மாதம் கலவையை மாற்றியிருக்கலாம். அதனால் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் லேபிளைப் படிக்கத்தான் வேண்டும்.

புது மாத்திரை எழுதிக் கொடுத்தால், அதில் கோதுமை ஸ்டார்ச் இருக்கிறதா என்று மருந்தாளுநரிடம் கேளுங்கள்.

உங்களுக்கு நோய் உறுதியாகியிருந்தால் அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் எல்லோரையும் ஒரு முறை ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். நெருங்கிய ரத்த உறவுகளில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இது வர வாய்ப்பு இருக்கிறது, அறிகுறி எதுவும் இல்லாமலேகூட. டெஸ்ட் முடியும் வரை அவர்கள் வழக்கம்போலச் சப்பாத்தி சாப்பிட்டுக்கொண்டு இருக்கட்டும்.